வெளியே ஒரு காயம், உள்ளே ஒரு காயம்

(திருகோணமலையில் நடைபெற்ற எமது சங்கத்தின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்கள் யாரும் வெளியே போக வேண்டாம். "பொம்பளைங்க கதை" என்று நீங்கள் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவீர்கள் என்று தெரிந்துதான் கதவுப் பக்கம் இரண்டு வாங்கைப் போட்டு வைத்தோம். இன்றைய பேச்சில் பாதி உங்களுக்குத்தான்.

இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் இரண்டு வகை. 1977 கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் மலையிலிருந்து இறங்கி இந்த மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் ஒரு பக்கம். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வந்த தோட்டத்துச் சகோதரிகள் மறுபக்கம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் போக்குவரத்து நின்றதே இல்லை. பெண் கொடுக்கிறோம், பெண் எடுக்கிறோம். துறைமுகப் பக்கம் வேலை செய்யும் பையனுக்கு மலையில் பெண் பார்க்கிறோம். பிள்ளைப்பேறு வந்தால் பெண் தாய் வீட்டுக்குப் போகிறாள். இன்றைய கதை அந்தப் பஸ் பயணத்தில்தான் தொடங்குகிறது.

நாங்கள் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை நாலு நாளாக வரவில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. லயத்துக்குத் தேடிப் போனோம். பிள்ளை வாசலில் உட்கார்ந்து ஒரு கைக்குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா திருகோணமலையிலருந்து வந்திருக்கா சேர். அம்மா வேலைக்குப் போயிட்டாங்க. அக்காவுக்குக் குளிரு" என்றாள்.

உள்ளே அக்கா இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். வந்தது மலைக்குளிர் இல்லை, காய்ச்சல். பிள்ளை பிறந்து ஒன்பதாவது நாள். ஒபரேசன் பண்ணி எடுத்த பிள்ளை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கே ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று பஸ் மாறி மாறி வந்து சேர்ந்திருக்கிறாள். வயிற்றில் ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் சுட்டது. பாவாடை நாடா போகும் இடத்தில் ஊன்நீர் கசிந்து துணி நனைந்திருந்தது. வாடையும் இருந்தது. "ஏன் தாயி யாருக்கும் சொல்லல?" என்று கேட்டோம். "பச்ச உடம்புக்காரிக்கு அப்பிடித்தான் இருக்கும்னாங்க. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டோம்" என்றாள்.

அந்தப் பகுதி மிட்வைஃப் அம்மா இந்தப் பெண்ணைக் கண்டதே இல்லை. பெயர் பதிந்திருந்தது திருகோணமலையில். அங்குள்ள மிட்வைஃப் வீட்டுக்குப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. இங்கே ஒரு பெண் வந்து படுத்திருப்பது இங்குள்ளவருக்குத் தெரியாது. இரண்டு பேருமே தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். நடுவில் இருந்த பெண் தவறிப்போனாள்.

1990க்கு அழைத்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. காசு கிடையாது, எல்லோருக்கும் தெரியும். வைத்தியசாலையில் காயத்தைத் திறந்து, சீழை எடுத்து, கழுவி, ஊசி மருந்து ஏற்றி, இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் அன்றைக்கு அவளுடைய டயக்னோசிஸ் கார்டைக் கேட்டபோது, அது பெட்டியின் அடியில் நாலாக மடித்துக் கிடந்தது. இங்கிலீசில் எழுதியிருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அதில் முதலாவதாக இருந்த நாலு எழுத்து எல்.எஸ்.சி.எஸ்.

அந்த நாலு எழுத்தைத்தான் இன்றைக்குப் படிக்கப் போகிறோம்.

கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். வெளியே நமக்குத் தெரிவது அடிவயிற்றில் ஒரு கோடு. அதே நாளில் உள்ளே கர்ப்பப்பையிலும் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. வெளிக்காயத்தைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். உள்காயத்தை யாரும் பார்க்க முடியாது. வெளித்தோல் இரண்டு வாரத்தில் மூடிவிடும். உள்ளே சதையும் தழும்பும் சேர்ந்து உறுதியாக ஆறு மாதமும் அதற்கு மேலும் எடுக்கும். "காயம் ஆறிடுச்சே, இன்னும் என்ன படுக்கை?" என்று மாமியார் கேட்டாலும் கங்காணி கேட்டாலும், அவர்கள் ஒரு காயத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

உள்ளே தைக்கும் வழக்கமே ஒரு காலத்தில் இருக்கவில்லை. 1879இல் ஃபெல்கின் என்ற இங்கிலாந்துக்காரர் யுகண்டாவில் ககுரா என்ற ஊரில் ஒரு நாட்டு வைத்தியர் வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். அந்த நாட்டு வைத்தியர் முதலில் தன் கையையும் பெண்ணின் வயிற்றையும் வாழைப்பழ மதுவால் கழுவினார். பிள்ளையை எடுத்த பிறகு கர்ப்பப்பையைக் கையால் அழுத்திச் சுருங்க வைத்தார். வெளித்தோலை மெல்லிய இரும்பு ஊசிகளைக் குத்தி நாரால் கட்டினார். கர்ப்பப்பையைத் தைக்கவில்லை. பதினோராம் நாள் காயம் ஆறியிருந்தது, தாயும் பிள்ளையும் நலமாக இருந்தார்கள் என்று ஃபெல்கின் எழுதி வைத்தார். கையைக் கழுவிவிட்டுக் காயத்தைத் தொட வேண்டும் என்பது பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டும் பிறந்த அறிவு இல்லை. அந்த ஊர் மக்கள் தங்கள் அனுபவத்தில் கண்டுபிடித்தது.

அந்தக் காலத்து ஐரோப்பாவிலும் கர்ப்பப்பையைத் தைக்காமல்தான் விடுவார்கள். தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. மூடவில்லை. உள்ளே இரத்தம் போயும் கிருமி ஏறியும் பெரும்பாலான தாய்மார் இறந்தார்கள். 1882இல் ஜெர்மனியில் மக்ஸ் செங்கர் என்ற வைத்தியர் வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் கர்ப்பப்பையை ஒழுங்காகத் தைத்து மூட வேண்டும் என்று எழுதினார். அதன் பிறகுதான் இந்தச் சத்திரசிகிச்சையில் தாய் பிழைப்பது வழக்கமானது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய மூன்று பிரசவத்தில் ஒன்று சிசேரியன். இந்த மண்டபத்தில் கை உயர்த்தச் சொன்னாலே தெரியும்.

இனி வெளிக்காயத்துக்கு வருவோம். கிருமித் தொற்று பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தலை காட்டும். நாலாம் நாளில் இருந்து பத்தாம் நாள் வரைக்கும் கூடுதல் கவனம் வேண்டும், முப்பது நாள் வரைக்கும் வரலாம். இரத்தம் குறைந்தவர்கள், சீனி வருத்தம் உள்ளவர்கள், உடம்பு பருமனானவர்கள், பன்னீர்க்குடம் உடைந்து நெடுநேரம் கிடந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைக் கூரை இடுக்கில் செருகி வைக்காமல் விழுங்கச் சொல்வது இதற்காகத்தான். திரிபோஷாப் பைக்கட்டு வீட்டுக்கு வந்தால் எல்லோரும் ஒரு பிடி எடுத்துக்கொள்வோம். அது தாய்க்கு வந்தது. தாய் சாப்பிடட்டும்.

எதைக் கண்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது? காயம் நாளுக்கு நாள் நோவு குறைய வேண்டும். நோவு கூடினால், சிவப்பு பரவினால், சுட்டால், வீங்கினால், சீழோ நாற்றமுள்ள நீரோ வந்தால், தையல் வாய் திறந்தால் உடனே போக வேண்டும். இது வெளியே. உள்ளே தொற்று வந்தால் குளிர் காய்ச்சல் வரும், அடிவயிறு வலிக்கும், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு போகும் தீட்டு கெட்ட வாடை வீசும். ஒரு மணித்தியாலத்தில் ஒரு பேட் முழுக்க நனைகிற அளவுக்கு இரத்தம் போனாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ, நேரே 1990. பச்ச உடம்புக்காரிக்குக் காய்ச்சல் வருவது இயல்பு என்று ஒரு வார்த்தை நம் லயங்களில் இருக்கிறது. அந்த வார்த்தையை இன்றோடு விட்டுவிடுவோம். அது இயல்பு இல்லை.

பாட்டிமார் நம்மேல் கோபிக்க வேண்டாம். உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. பூண்டும் மிளகும் போட்ட இரசம் கொடுங்கள். முருங்கைக் கீரை கொடுங்கள். இந்த ஊர்க்காரர் பால்சுறா வாங்கிப் புட்டாக்கித் தருவார்கள், அதைக் கொடுங்கள். மலையில் முட்டையும் கருவாடும் பருப்பும் கொடுங்கள். காயம் ஆறுவது சாப்பாட்டில்தான். ஆனால் "தண்ணி குடிச்சா வயிறு ஊதும்" என்று பால் கொடுக்கிற தாயின் வாயைக் கட்ட வேண்டாம். சரக்கு வயிற்றுக்குள் போகட்டும், காயத்தின் மேல் வேண்டாம். மஞ்சள், சாம்பல், எண்ணெய், வெற்றிலைச் சாறு எதுவும் தையல்மேல் படக்கூடாது. வைத்தியர் கட்டை எடுத்த பிறகு சுத்தமான தண்ணீரும் சவர்க்காரமும் போதும். தேய்க்காமல் கழுவி, வெயிலில் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். காயத்தைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவுங்கள். உள்ளாடை நாடா கோட்டுக்கு மேலே போகட்டும். கடலிலோ, கன்னியா வெந்நீர்க் கிணற்றடியிலோ, தோட்டத்துப் பீலியிலோ இறங்கிக் குளிப்பதைக் காயம் முழுதாக ஆறும்வரை தள்ளி வையுங்கள். குளிசையை "சரியாயிட்டுது" என்று பாதியில் நிறுத்த வேண்டாம். தொற்று வந்தாலும் பெரும்பாலும் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. வைத்தியர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

இப்போது ஆண் தோழர்களுக்கு. முதல் ஆறு வாரம் பிள்ளையைவிடப் பாரமான எதையும் அவள் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, மா மூட்டை, மூத்த பிள்ளை எல்லாம் உங்கள் கைக்கு வர வேண்டும். அதற்கு வைத்தியர் பட்டம் தேவையில்லை. அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டுத் தாதி வேலை கொடுத்தோமே, அந்த வேலையைச் செய்திருக்க வேண்டியவர் வீட்டில் வேறு ஒருவர்.

தோட்டத்துச் சகோதரிகளுக்கு ஒரு சொல். மழையில் மலையேறும்போது படங்கை எங்கே கட்டுகிறோம்? இடுப்பைச் சுற்றி இறுக்கி, சரியாக அந்தக் கோட்டின் மேல். நனைந்த படங்கு நாள் முழுக்க அதில் உராயும். அதோடு கொழுந்தின் பாரம் முதுகிலும் தலையிலும். ஆறாத காயத்துக்கு இதைவிடக் கெட்டது வேறில்லை. அதனால்தான் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நமக்குப் பன்னிரண்டு வாரம் தருகிறது. பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம், பின் பத்து வாரம். முன்பு மூன்றாம் பிள்ளையிலிருந்து பாதிதான் கிடைத்தது. 2018ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள். பத்து வாரம் முடிந்து பெரட்டுக்குப் போனாலும், பிரசவத்துக்குப் பின் மூன்று மாதம் முடியும்வரை தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு தரும் வேலையைக் கொடுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. பிரசவத்தாலோ அதனால் வந்த நோயாலோ வேலையிலிருந்து நீக்கவும் முடியாது. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு தடவை நேரம் உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. "கொழுந்துப் பாரம் வேண்டாம், இலேசான வேலை தாங்க" என்று கேட்பது கெஞ்சுவது இல்லை. கிளினிக் துண்டோடு தலைவரிடம் வாருங்கள். நாங்கள் கூட வருவோம்.

கடைசியாக உள்காயம். அதன் கணக்கு அடுத்த பிள்ளையில்தான் தெரியும். முந்தின வெட்டின் தழும்பு உறுதியாகுமுன் அடுத்த கர்ப்பம் வந்தால் அந்த இடம் பிரசவ வலியில் கிழிய வாய்ப்புக் கூடுகிறது. பிள்ளை பிறந்து இரண்டு வருடமாவது கழித்து அடுத்ததை வயிற்றில் வாங்குங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கான வழியை மிட்வைஃப் அம்மாவிடம் கேட்கலாம். புருஷனும் பெண்ணும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

ஒரு தடவை வெட்டினால் எப்போதும் வெட்டுத்தான் என்று பயப்படவும் வேண்டாம். கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு ஒன்று மட்டும் உள்ள, வேறு தடை இல்லாத தாய்மாரில் நாலு பேரில் மூன்று பேர் அளவில் அடுத்த தடவை சாதாரணமாகப் பெறுகிறார்கள். அப்படி முயலும்போது தழும்பு கிழிவது இருநூறு பேரில் ஒருவர் அளவில்தான். ஆனால் அந்த ஒருவருக்குச் சில நிமிடத்தில் சத்திரசிகிச்சை வேண்டும். ஆகவே வயிற்றில் கோடு உள்ள தாய் வீட்டிலோ சின்ன டிஸ்பென்சரியிலோ வலியைப் பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்து பிள்ளை பெறப் போன காலத்தை இங்குள்ள அம்மாமார் மறந்திருக்க மாட்டார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது, வழி சுலபமானது. வலி தொடங்கிய பிறகு புறப்பட்டால் பாலம் இருந்தும் பயனில்லை. விசேட வைத்தியர் உள்ள ஆஸ்பத்திரிக்கு எந்தத் திகதியில் போய்ப் படுக்க வேண்டும் என்று ஏழாம் மாதத்திலேயே கேட்டு வையுங்கள். அடுத்த கர்ப்பம் என்று தெரிந்த உடனே ஸ்கேனுக்கும் போங்கள். பழைய தழும்பின் மேலேயே கரு தங்கிவிடுவதும், நச்சுக்கொடி அதில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. சிசேரியன் எண்ணிக்கை கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும்.

இதையெல்லாம் வைத்தியர் தீர்மானிக்க அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்று: போன தடவை உள்ளே எங்கே வெட்டினார்கள்? வெளிக்கோட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. வெளியே குறுக்குக் கோடு இருந்தாலும் உள்ளே மேல்நோக்கி வெட்டியிருக்கலாம். அப்படி வெட்டியிருந்தால் அடுத்த தடவை வலி வருமுன்பே ஒபரேசன் செய்ய வேண்டியிருக்கும். அந்த விசயம் எழுதியிருப்பது கார்டில் மட்டும்தான். அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கிறோம். சம்பளத் துண்டைக்கூடப் பத்திரமாக வைக்கிறோம். அந்தக் கார்டும் அதே உறையில் இருக்கட்டும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் மூன்று. ஒன்று, பிள்ளை பெற்றவள் தாய் வீட்டுக்குப் போவதென்றால், பஸ் ஏறுமுன் இந்த ஊர் மிட்வைஃபுக்குச் சொல்லுங்கள், இறங்கிய அன்றே அந்த ஊர் மிட்வைஃபுக்குச் சொல்லுங்கள். முதல் பத்து நாளில் இரண்டு தடவை அவர் வீடு தேடி வந்து பார்க்க வேண்டும், அதன் பிறகும் ஆறு வாரம்வரை வர வேண்டும். அது அவருடைய கடமை, நமக்குள்ள உரிமை. நாம் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தால்தான் வருவார். இரண்டு, சங்கத்தின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு மாதர் பொறுப்பாளர், தன் பகுதியில் வந்து தங்கியிருக்கும் பச்ச உடம்புக்காரியைப் போய்ப் பார்த்து, காய்ச்சல் உண்டா, காயம் எப்படி என்று கேட்க வேண்டும். மூன்று, கார்டை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

அந்தத் தங்கச்சிப் பிள்ளை பள்ளிக்கூடம் வந்துவிட்டாள். அவளுடைய அக்காவின் கார்டு எங்கள் கையில் இருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "இதுல என்னா சேர் எழுதியிருக்கு?" என்று கேட்டவள் அவள்தான். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கூட்டம்.

தேத்தண்ணி வருகிறது. நேற்றுச் சொன்னபடி கார்டு கொண்டு வந்தவர்கள் முன் மேசைக்கு வாருங்கள். ஒவ்வொன்றாகச் சேர்ந்து படிப்போம்.